கோடைப் பூவும் பேரப்பிள்ளையின் கைவேலையும்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழுப்பரீட்சை முடிந்து பேரப்பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்குவதும், கொல்லையில் குண்டுமல்லி மொட்டு விடுவதும் சேலத்தில் ஏறக்குறைய ஒரே சமயம்தான். சித்திரை முழுக்க, அக்னி நட்சத்திரம் முடியும்வரை, வீட்டில் பூவும் இருக்கும், பிள்ளையும் இருக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கோயில் வரிசையிலும் கல்யாணப் பந்தியிலும் என்னைக் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக இது. எங்கள் வீடு கன்னங்குறிச்சிப் பக்கம். வாசலுக்கும் கிணற்றுக்கும் நடுவே கொஞ்சம் மண் உண்டு. மகள் வயிற்றுப் பேத்திக்கு ஐந்து வயது, பெங்களூரில் இருக்கிறாள். நான் அவளுக்கு அம்மாயி. கீழே சொல்வதெல்லாம் மூன்றிலிருந்து ஏழு வயதுவரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்துத்தான்.

இந்த வெயிலில் சேலத்தில் என்ன பூக்கிறது? எங்கள் வீட்டில் எல்லாம் கருகித்தான் நிற்கிறது.

கருகி நிற்பது என்ன செடி என்று பாருங்கள். தை மாதம் நர்சரியில் ஆசைப்பட்டு வாங்கிய டாலியாவும் பெட்டூனியாவுமாகத்தான் இருக்கும். அவை குளிருக்குப் பூப்பவை. பங்குனி தாண்டி அவற்றோடு மல்லுக்கட்டுவது வீண். தொட்டியைக் காலி செய்து வேறு வையுங்கள்.

வெயிலைக் கேட்டு வாங்கிப் பூப்பவை நிறைய உண்டு. குண்டுமல்லிக்கு இதுதான் பருவம். கார்த்திகையில் கவாத்து செய்து எருப் போட்டிருந்தால் இப்போது கூடை நிறையும். செம்பருத்தி, இட்லிப்பூ, சங்குப்பூ, நித்தியகல்யாணி, வாடாமல்லி, அந்திமந்தாரை, டேபிள் ரோஸ் எல்லாமே காலையில் ஒருமுறை, வெயில் இறங்கியபின் ஒருமுறை தண்ணீர் கிடைத்தால் போதும் என்று சொல்பவை. கனகாம்பரத்துக்குப் பாதி நிழல் வேண்டும், சுவரின் கிழக்குப் பக்கம் வையுங்கள். காகிதப்பூ மட்டும் வேறு ரகம். அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றினால் இலைதான் வரும். இரண்டு மூன்று நாள் காயப்போட்டால் பூத்துக் கொட்டும்.

மரங்களை மறந்துவிடாதீர்கள். கைவேலைக்கு நான் பாதிக்கு மேல் மரத்தடியில்தான் பொறுக்குகிறேன். வேம்பு பங்குனியிலேயே பூத்துவிடும். சரக்கொன்றை சித்திரை ஒன்றாம் தேதியை ஒட்டி மஞ்சளாகத் தொங்கும், மே மாதம் மயில்கொன்றை சிவக்கும். மகிழமரம் இருக்கிற கோயில் பக்கத்தில் இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

பத்து நிமிஷத்துக்கு மேல் உட்காரமாட்டேன் என்கிறான். எந்த நேரத்தில் உட்கார வைப்பது?

பத்து நிமிஷம் போதும். பிள்ளைக்கு நேரம் பார்ப்பதை விட்டுவிட்டுப் பூவுக்கு நேரம் பாருங்கள். என் முறை முழுக்க இவ்வளவுதான்.

ஒவ்வொரு பூவுக்கும் அதனதன் பொழுது உண்டு. செம்பருத்தி காலையில் விரியும், மாலையில் சுருண்டுவிடும். ஆகவே செம்பருத்தி வேலை காலைப் பலகாரத்துக்கு முன். டேபிள் ரோஸ் வெயில் மேலே படாமல் கண்ணைத் திறக்காது. ஒன்பது, பத்து மணிக்குத்தான் விரியும், பிற்பகலில் மூடிக்கொள்ளும். அந்திமந்தாரை நான்கு மணிக்கு மேல். மல்லி மொட்டை நாலரை மணிக்குப் பறித்தால் தொடுத்து முடிக்கவும் விளக்கு வைக்கவும் சரியாக இருக்கும், ஏழு மணிக்கு வாசனை கூடத்துக்கு வரும். ஒரு பூவுக்குப் பத்து நிமிஷம், பிறகு பிள்ளை எங்கே வேண்டுமானாலும் ஓடட்டும். அடுத்த பூவின் நேரத்துக்குத் தானே வந்து நிற்கும்.

இதையே ஒரு பொருளாகவும் செய்யலாம். அட்டைப்பெட்டியில் சாப்பாட்டுத் தட்டை வைத்து வட்டம் வரைந்து கடிகாரம்போல் எண் எழுதுங்கள். எந்தப் பூ எப்போது விரிந்ததோ அந்த எண்ணுக்கு நேரே அந்தப் பூவின் ஓர் இதழை ஒட்டவேண்டும். பேத்தி அந்திமந்தாரைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, முறுக்கிய மொட்டு ஒன்றைத் தொடுவதும் கையை இழுத்துக்கொள்வதுமாக இருப்பாள். “அம்மாயி, இது எப்போ தெறக்கும்?” என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை, கடிகாரத்தைக் காட்டுவேன். மணி பார்க்க அவள் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

பதினோரு மணியிலிருந்து நாலு மணிவரை தோட்டம் கிடையாது. காய்ந்ததை ஒட்டுவது, வெட்டுவது போன்ற நிழல் வேலைக்கு அந்த நேரம்.

மாடியில் தொட்டிகள் மட்டும்தான் இருக்கின்றன. மண்தரை இல்லாமல் பிள்ளையோடு என்ன வளர்ப்பது?

டேபிள் ரோஸும் கொட்டாங்குச்சியும். தேங்காய் உடைத்ததில் கண் இருக்கிற பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கண்ணில் ஒன்று மெத்தென்று இருக்கும். ஆணியால் குத்தினால் தண்ணீர் வடிய ஓட்டை ஆயிற்று. மணல் கலந்த மண் போட்டு, டேபிள் ரோஸ் தண்டை விரல் நீளத்துக்குக் கிள்ளி ஊன்றச் சொல்லுங்கள். வேர்கூட வேண்டாம், பிடித்துக்கொள்ளும். மூன்று வயதுப் பிள்ளை தன் கையாலேயே முழுசாகச் செய்து முடிக்கிற வேலை இது. விடுமுறை முடிவதற்குள் பூவும் பார்த்துவிடும்.

சிமெண்ட் தளம் சூடேறினால் தொட்டியின் வேர் வெந்துவிடும். கொட்டாங்குச்சியைத் தரையில் வைக்காமல் கைப்பிடிச் சுவரின் உட்பக்கம் கயிற்றில் தொங்கவிடுங்கள்.

எந்தப் பூவைக் குழந்தை கையில் கொடுக்கக் கூடாது?

முதலில் அரளி. நம் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பனமரத்துப்பட்டிப் பக்கம் தோட்டம் தோட்டமாக அரளி, வ.உ.சி. பூ மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக அரளி, சாமி படத்தில் தினமும் அரளி. பெரியவர்கள் கட்டுவதில் தப்பில்லை. ஆனால் அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம், இதயத்தைத் தாக்கும். விரலைச் சூப்புகிற வயதில் அந்தப் பூ வேண்டாம். மஞ்சள் அரளி இன்னும் மோசம். அதன் கொட்டை உயிரையே எடுக்கும். கொட்டை பார்க்க அழகாக, சொப்பு விளையாடத் தோதாக இருப்பதுதான் ஆபத்து. மரத்தடியில் கிடந்தால் கூட்டி அள்ளிவிடுங்கள்.

எருக்கம்பூவைப் பிள்ளையாருக்கு நீங்களே பறியுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உடனே ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போகவேண்டும். ஊமத்தைப் பூ, ஏற்காட்டு வேலியோரம் தலைகீழாகத் தொங்கும் பெரிய மணிப்பூ, இரண்டும் ஒரே வகையறா, கிட்டவே விடாதீர்கள். நித்தியகல்யாணியைத் தொடலாம், தரையில் பரப்பிக் கோலம் போடலாம், தின்னக் கூடாது. அந்திமந்தாரையின் கறுப்பு விதையும் அப்படித்தான். மிளகு என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. குன்றிமணியைப் பழைய ஞாபகத்தில் பொம்மைக்குக் கண் வைக்க எடுத்துத் தராதீர்கள். அதை மென்றால் விஷம்.

கடையில் வாங்கிய பூ எதுவாக இருந்தாலும் மருந்து அடித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், இதில் சலுகை கிடையாது.

எதையாவது மென்றுவிட்டது தெரிந்தால் வாயிலிருப்பதை விரலால் எடுத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் கைவைத்தியம் வேண்டாம். அந்தச் செடியின் ஒரு கிளையை ஒடித்து எடுத்துப் போங்கள், மருத்துவருக்கு அது உதவும்.

பூத் தொடுக்க எந்த வயதில் கற்றுக்கொடுக்கலாம்? ஊசியைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

கூர் ஊசி இல்லாமலே நான்கு வருஷம் ஓட்டலாம்.

மூன்று வயதில் இட்லிப்பூ. ஒவ்வொரு பூவுக்கும் மெல்லிய நீளக் குழாய் இருக்கிறதல்லவா? ஒரு பூவின் நடுவே இருக்கிற நூலை உருவிவிட்டு, அந்த ஓட்டையில் அடுத்த பூவின் குழாய் நுனியைச் செருக வேண்டும். அதில் இன்னொன்று, அதில் இன்னொன்று. பத்துப் பதினைந்து சேர்ந்ததும் கடைசிப் பூவில் முதல் பூவைச் செருகினால் வளையல். நாரும் வேண்டாம், நூலும் வேண்டாம். உருவிய நூலின் அடியில் தேன் துளி இருக்கும், நாமெல்லாம் உறிஞ்சியதுதான். சொந்தச் செடி, மருந்து அடிக்காதது என்றால் நான் தடுப்பதில்லை.

நான்கு வயதில் மகிழம்பூ. உதிர்ந்த பூவின் நடுவில் ஓட்டை தானாகவே இருக்கும். ஈர்க்குச்சியின் நுனியைச் சீவிக் கொடுத்தால் வரிசையாகக் கோத்துக்கொண்டே போவார்கள். காய்ந்து பழுப்பானாலும் வாசனை போகாது, துணிமணிகளுக்கு நடுவே வைக்கலாம். நந்தியாவட்டையையும் ஈர்க்குச்சியில் கோக்கலாம், காம்பைக் கிள்ளும்போது வரும் பாலைத் துடைத்துவிட்டு.

ஐந்து, ஆறு வயதில் கம்பளி பின்னும் மொட்டை ஊசியும் செண்டுமல்லியும்.

கையால் தொடுப்பது ஏழு வயதுக்கு மேல் பழகட்டும். வாழைநாரைக் கால்மணி நேரம் தண்ணீரில் போட்டு, ஈரம் பிழிந்து, கால் கட்டைவிரலில் முடிந்துகொள்ளச் சொல்லுங்கள். இரண்டு மொட்டு இந்தப் பக்கம் தலை, இரண்டு அந்தப் பக்கம் தலை, காம்புகள் நடுவில். நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு கண்ணி போட்டு, காம்பின் மேல் மாட்டி இழுக்க வேண்டும். கண்ணியை இழுக்கிற அழுத்தத்தில்தான் சூட்சுமம். இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், விட்டால் பூ உருவிக்கொண்டு வரும். அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. உங்கள் விரலின் மேல் பிள்ளையின் விரலை வைத்து இழுத்துக் காட்டுங்கள். முதலில் மல்லியில் ஆரம்பிக்காமல் கனகாம்பரத்தில் ஆரம்பியுங்கள். எடையே இல்லாத பூ, நெருக்கமாக உட்காரும், கோணல் தெரியாது.

பையனுக்கு எதற்குப் பூ வேலை என்று அவன் அப்பாரு (அப்பாவின் அப்பா) முறைக்கிறார்.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் பூ மார்க்கெட்டுக்கு ஒருநாள் விடியற்காலை இரண்டு பேரையும் கூட்டிப் போங்கள். ஆள் உயர மாலைகளைக் கட்டிக்கொண்டிருப்பவர்களில் எத்தனை பேர் மீசை வைத்தவர்கள் என்று அப்பாருவையே எண்ணச் சொல்லுங்கள்.

ஒட்டுவதற்குக் கடைப் பசை வேண்டாம் என்று பார்க்கிறேன். வீட்டிலேயே செய்ய முடியுமா?

ஜவ்வரிசி ஊரில் இருந்துகொண்டு பசைக்குக் கடைக்குப் போவானேன்! சேகோ ஃபேக்டரிகளில் குச்சிக்கிழங்கை (மரவள்ளியை)ப் பிழிந்து எடுக்கும் அதே மாவுதான் நல்ல பசை. மாவு கிடைக்காவிட்டால் ஜவ்வரிசியை மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு டீஸ்பூன் மாவைக் கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். இதைப் பிள்ளையிடம் விடலாம். முக்கால் டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பைக் குறைத்து, கரைத்ததை ஊற்றிக் கிளறுங்கள். இது உங்கள் வேலை. பால் போல இருந்தது ஒரே நொடியில் தெளிந்து கண்ணாடியாகும். அந்த நொடியைப் பார்க்கத் தூரத்தில் ஸ்டூல் போட்டு நிற்க வையுங்கள். ஆறியதும் பசை தயார். பூ இதழ், இலை, வண்ணத்தாள் எல்லாம் ஒட்டும். காய்ந்தபின் தடம் தெரியாது. விரலை நக்கினாலும் பயமில்லை.

ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் வரும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் பசையில் துரிசு போடுவார்கள். அது விஷம், பிள்ளை தொடும் பசையில் வேண்டவே வேண்டாம்.

பூவைப் புத்தகத்தில் வைத்து அழுத்தினால் கறுத்துப் போகிறது. ஏன்?

ஈரம் வெளியே போகாததால். புத்தகத்தின் வழவழப்புத் தாள் ஈரத்தை உறிஞ்சாது. செய்தித்தாள்தான் சரி. பனி உலர்ந்த பிறகு, ஒன்பது மணி வாக்கில் பறியுங்கள். தடித்த காம்பையும் அடிப்புல்லியையும் கிள்ளிவிட்டு நாலு மடிப்புத் தாளுக்கு நடுவே பரப்புங்கள், ஒன்றன்மேல் ஒன்று படக்கூடாது. மேலே பலகை, அதன்மேல் அம்மிக் குழவியோ அரிசி டின்னோ. மறுநாள் தாளை மாற்ற வேண்டும். அந்த முதல்நாள் ஈரம்தான் பூவைக் கெடுப்பது. சித்திரை மாதச் சேலத்தில் மெல்லிய பூ ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். பெங்களூரில் இதற்கு இரண்டு வாரம் ஆகிறது என்று மகள் சொல்கிறாள்.

எல்லாப் பூவும் இதற்கு ஆகாது. மல்லி எப்படி வைத்தாலும் பழுப்பாகும். செம்பருத்தி ஊதாவாகி நைந்துவிடும். டேபிள் ரோஸில் தண்ணீர் அதிகம். காகிதப்பூவை வைத்துப் பாருங்கள், அதற்கென்றே பிறந்தது. நிறமாகத் தெரிவது இதழே அல்ல, இலை; நடுவே வெள்ளையாகக் குழாய்போல் இருப்பதுதான் பூ. பிள்ளையிடம் இதைச் சொல்லிவிடாமல், “இதுல பூ எங்கே இருக்கு, கண்டுபிடி” என்று கொடுங்கள். செண்டுமல்லியை இதழ் இதழாகப் பிரித்து வைக்கலாம். இலைக்கு முருங்கை, கறிவேப்பிலை, வேம்பு. முருங்கை இலையின் அளவு வாழ்த்து அட்டைக்கென்றே அமைந்தது.

வாடாமல்லியை அழுத்த வேண்டாம். கொத்தாகக் கட்டித் தலைகீழாக நிழலில் தொங்கவிட்டால் நிறம் மாறாமல் உலரும்.

துணியில் பூவை அடித்து அச்சு எடுப்பது எப்படி? துவைத்தால் நிற்குமா?

சில நிற்கும், சில நிற்காது. பழைய பருத்தி வேட்டியில் ஒரு துண்டு போதும். புதுத் துணி என்றால் கஞ்சி போகத் துவையுங்கள். ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் படிகாரத் தூளைக் கரைத்து இரவு முழுக்க ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். படிகாரம்தான் சாயத்தைத் துணியோடு பிடித்து வைப்பது. வாசற்படிக் கல்லில் துணியை விரித்து, பூவைக் கவிழ்த்து, மேலே ஒரு தாளை மூடி, உருண்டைக் கல்லால் தட்ட வேண்டும். கல்லை இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லுங்கள். விரல் கல்லுக்கு அடியில் போக வழியே இருக்காது.

செண்டுமல்லி மஞ்சள் பல துவையலுக்கு நிற்கும். சங்குப்பூ நீலமும் செம்பருத்திச் சிவப்பும் முதல் அலசலிலேயே பாதி போகும். அவற்றைத் துவைக்காத பொருளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், சுவரில் மாட்டுவதற்கு, புத்தக அட்டைக்கு. மத்தியானம் இரண்டு மணிக்கு இந்த வேலையை ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்.

சங்குப்பூத் தண்ணீர் நிறம் மாறும் என்கிறார்கள். எங்களுக்குச் சரியாக வரவில்லை.

போர் தண்ணீரில் செய்திருப்பீர்கள். சேலத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும், நிறத்தை அதுவே திருப்பிவிடும். குடிதண்ணீரைச் சூடாக்கிப் பத்துப் பூ போட்டு மூடுங்கள். நீலம் இறங்கியதும் வடிகட்டி மூன்று டம்ளரில் பிரியுங்கள். ஒன்றில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகி ரோஸ் நிறம் வரும். இன்னொன்றில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா, பச்சைப் பக்கம் திரும்பும். மூன்றாவது அப்படியே. பஞ்சைத் தொட்டு வெள்ளைத் தாளில் வரையச் சொல்லுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு இன்னும் வேகமாக வேலை செய்யும் என்றாலும் கண்ணில் தெறித்தால் ஆபத்து, சோடாவே போதும்.

பூ கிடைக்காத நாளில் மஞ்சள் தண்ணீரைத் தாளில் பூசிக் காயவைத்து, சோடாத் தண்ணீரில் விரலைத் தொட்டு எழுதினால் எழுத்து சிவப்பாக வரும். ஆரத்தி கரைக்கும்போது நாம் பார்க்கிற அதே சிவப்பு.

ஏற்காட்டுக்கு அழைத்துப் போனால் பூ வேலைக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் பறிக்கக் கூடாது, பொறுக்கலாம். அந்த வித்தியாசத்தைக் காரில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே போனால் எட்டு டிகிரி அளவுக்குக் குறைந்துவிடும், ஆகவே கீழே கருகிய டாலியா அங்கே நிமிர்ந்து நிற்கும். மே மாதக் கோடை விழாவில் அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும். கூட்டத்தில் சிறு பிள்ளைக்குத் தெரிவது முன்னால் போகிறவர்களின் முதுகுதான். திறந்த உடனே போங்கள், அல்லது விழா முடிந்து அடுத்த வாரம் போங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு புரட்டும் பிள்ளைக்கு வளைவு எண்ணும் வேலையைக் கொடுங்கள், கண் வெளியே இருந்தால் குமட்டல் குறையும்.

ஜகரண்டா ஊதாவாக உதிர்ந்து கிடக்கும். ஐந்து விரலுக்கும் ஐந்து தொப்பி. பாதையோரப் பாறை இடுக்கில் வெள்ளிப் பெரணி இருந்தால் உதிர்ந்த ஓலையைப் புறங்கையில் கவிழ்த்து அழுத்துங்கள், இலையின் வடிவம் வெள்ளைப் பொடியில் அப்படியே பதியும். பேத்தி அந்தக் கையைச் சேலம் வரும்வரை கழுவவிடவில்லை.

காபிப் பூவைப் பார்க்கக் கொடுப்பினை வேண்டும். கோடையின் முதல் மழை பெய்து எட்டுப் பத்து நாளில் தோட்டமே வெளுக்கும், மல்லி போல மணக்கும், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். ஒரு பூ போனால் ஒரு காய் போயிற்று என்பதால் எஸ்டேட்காரர்கள் தொடவிட மாட்டார்கள், அது நியாயம்தான்.

ஏற்காட்டில் நீலமாக வாங்கிய ஹைட்ரேஞ்சியா சேலத்தில் ரோஸாகப் பூத்தது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை, மண் மாறிவிட்டது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் அலுமினியத்தின் தாதுவான பாக்சைட் உண்டு, காபி விளையும் மண் புளிப்பானது. புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குள் ஏறினால் பூ நீலம். சுண்ணாம்புச் சாரம் உள்ள மண்ணிலும் தண்ணீரிலும் அது ஏறாது, பூ ரோஸ். சங்குப்பூ டம்ளரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்: அங்கே புளிப்பில் ரோஸ், இங்கே புளிப்பில் நீலம். அந்தச் செடி சேலத்துச் சித்திரையைத் தாண்டுவது கஷ்டம். பூ இருக்கும்போதே கொத்தை நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். இதுவும் வாய்க்குப் போகக் கூடாத செடிதான்.

செய்து முடிக்க எதுவும் வேண்டாம், சும்மா விளையாட?

மயில்கொன்றை இருக்கும்போது வேறென்ன வேண்டும்? விரியாத மொட்டைப் பிளந்தால் ஐந்து புல்லி, வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. தோலை லேசாகப் பிரித்து நகத்தில் ஒட்டினால் ராட்சச நகம். உள்ளே பத்து மகரந்தத் தாள்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு தலை. ஆளுக்கொன்று எடுத்துத் தலையோடு தலை மாட்டி இழுக்க வேண்டும், எவர் தலை அறுகிறதோ அவர் தோற்றார். அந்தச் சேவல் சண்டையில் அப்புச்சி (அவள் தாத்தா) வேண்டுமென்றே தோற்பதைப் பேத்தி கண்டுபிடித்துவிட்டாள். இப்போது அவருக்கு எந்தத் தாள் என்று அவளே தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறாள். விரிந்த பூவில் ஓர் இதழ் மட்டும் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளி போட்டிருக்கும், அதைப் பொறுக்கித் தனியாகச் சேர்ப்பதே ஒரு விளையாட்டு.

செம்பருத்தி இதழின் அடியைப் பிளந்தால் பிசுபிசுக்கும், மூக்கில் ஒட்டிக்கொண்டால் சேவல். பூவரச இலையைச் சுருட்டி நுனியை நசுக்கி ஊதினால் பீப்பி.

மொபைலை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாள்.

பிடுங்காதீர்கள். அவள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பூக்கூடையோடு நீங்கள் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், கூப்பிடாதீர்கள். வரவில்லை என்றால் மொபைலையே தோட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, அந்திமந்தாரை விரிவதை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நாலு மணியிலிருந்து ஆடாமல் பிடித்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்ததும் அதைத் தொட்டிமேல் சாய்த்து வைத்துவிட்டுக் கையைக் காலி பண்ணிக்கொள்வாள்.

ஊருக்குக் கிளம்பும்போது என்ன கொடுத்து அனுப்பலாம்?

விதை. வாடாமல்லித் தலையை உதிர்த்தால் ஒரு பூவில் எத்தனையோ விதை. சங்குப்பூ நெற்று காய்ந்து பழுப்பானதும் பறித்து உரிக்கலாம், உள்ளே விதை கறுப்பாக, பட்டாணியைவிடச் சின்னதாக இருக்கும். செய்தித்தாளை மடித்து உறை செய்து, குச்சிக்கிழங்குப் பசையால் ஒட்டி, வெளியே அந்தந்தப் பூவின் காய்ந்த இதழ் ஒன்றை ஒட்டிவிட்டால் எழுதப் படிக்காத பிள்ளைக்கும் எது என்ன விதை என்று அடையாளம் வைக்கலாம். சங்குப்பூ உறைக்குச் சங்குப்பூ இதழ், வாடாமல்லி உறைக்கு அதன் இதழ். அந்திமந்தாரை விதையை மட்டும் பெற்றவர்கள் கையில் தனியாகக் கொடுங்கள்.

விதை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், பிளாஸ்டிக் கவரில் போட்டால் பூசணம் பிடிக்கும். சங்குப்பூ விதையை விதைப்பதற்கு முன் ஓரிரவு ஊறவைக்கச் சொல்லுங்கள், தோல் கெட்டி. வெளிநாட்டுக்குப் போகிற பெட்டி என்றால் விதை வைக்காதீர்கள், பல நாடுகளில் அனுமதியில்லாமல் கொண்டுபோகக் கூடாது. அவர்களுக்குத் துணியில் அடித்த அச்சு போதும். பெங்களூர், சென்னை, கோயம்புத்தூர் என்றால் ஜூனில் மழை பார்த்து ஊன்றச் சொல்லுங்கள்.